பழைய காரின் பூர்வீகம்

திருகோணமலைக் கடற்கரையில் விடியற்காலையில் மீன் ஏலங்கூறுவதைக் கண்டவர்கள் ஓர் உண்மையை நன்கறிவார்கள். வள்ளம் கரையேறியவுடன் கூறப்படும் விலை வேறு. வெயில் ஏறிய பின்னர் கூறப்படும் விலை வேறு. பொழுது செல்லச் செல்ல விலை இறங்கிக்கொண்டே போகும். மீனுக்கு மட்டுமன்று, மனிதன் செய்து பயன்படுத்தும் பொருள்களிற் பெரும்பாலானவற்றுக்கும் இதுவே விதி. சென்ற ஆண்டு வாங்கிய நாற்காலியை இவ்வாண்டு விற்கப் போனால் வாங்கிய விலை கிடையாது. மோட்டார்க் காரோ, விற்பனைச் சாலையை விட்டு வீதிக்கு வந்த கணத்திலேயே தன் விலையில் ஒரு பங்கை இழந்துவிடுகின்றது. ஆயினும் இவ்விதிக்கு அடங்காத சில பொருள்கள் உலகில் உள. ஆண்டுகள் ஏற ஏற அவற்றின் விலையும் ஏறுகின்றது. அவ்வாறு ஏறுவதற்குக் காரணம் யாது என்று சிந்திக்கப் புகுந்தபோது எனக்குத் தோன்றியவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அண்மையில், கடல் கடந்து வாழும் உறவினர் ஒருவர் இங்கிலாந்தில் நடைபெறவிருந்த ஏலமொன்றின் விற்பனைப் பட்டியலை எனக்கு அனுப்பியிருந்தார். அதில் ஒரு பக்கம் முழுவதையும் சின்னஞ்சிறிய கார் ஒன்று பிடித்திருந்தது. ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற் என்பது அதன் பெயர். 1958ஆம் ஆண்டு மே மாதம் உலகுக்கு முதன்முதல் அறிமுகப்படுத்தப்பட்ட இருவர் காரினம் அது. இருவர் அமரலாம், மூன்றாமவருக்கு இடமில்லை. கதவுக்கு வெளிப்புறத்திற் கைபிடி இல்லை. பின்புறப் பெட்டிக்கு மூடியும் இல்லை. ஆசனத்துக்குப் பின்னால் தலையை நுழைத்தே பொருளை எடுத்தல் வேண்டும். இயந்திர மூடியின்மேல் இரண்டு விளக்குகளும் துருத்திக்கொண்டு நிற்பதால் ஆங்கிலேயர் அதனைத் 'தவளைக் கண்ணன்' என்று செல்லமாக அழைப்பர். அக்காலத்தில் வரியுட்பட அதன் விலை ஏறத்தாழ 670 பவுண். பணக்காரருக்காக அன்றி, சம்பளக்கார இளைஞருக்காகச் செய்யப்பட்ட விளையாட்டுக் கார் அது.

அப்பக்கத்தைப் படித்தபொழுது என் கருத்தைக் கவர்ந்தது படமன்று. காரின் அழகைப் பற்றி இரண்டு மூன்று வரிகளே இருந்தன. எஞ்சியவை யாவும் எண்களும் தேதிகளுமே. செசி இலக்கம், இயந்திர இலக்கம், முதற்பதிவு செய்த நாள், அன்று தொட்டு இன்றுவரை உடையவர்களாக இருந்தோரின் வரிசை, எந்த ஆண்டில் எந்தப் பகுதி மாற்றப்பட்டது, அதற்குரிய பற்றுச்சீட்டு உண்டா இல்லையா என்பன எல்லாம் ஒரு சாதகக் குறிப்பைப்போல நிரல்படுத்தப்பட்டிருந்தன. கலியாணப் பேச்சில் மணமகளின் குலங் கோத்திரம் ஆராய்வதுபோல அங்கே காரின் பூர்வீகம் ஆராயப்படுகின்றது!

ஏலம் நடைபெறும் முறையும் அறியத்தக்கதே. ஏல நிறுவனத்தார் ஒரு மதிப்பீட்டு விலையை முன்கூட்டியே அச்சிடுவர். இதற்குக் குறைந்தால் விற்பதற்கில்லை என்று உடையவர் இரகசியமாகக் குறித்துக் கொடுக்கும் விலை வேறொன்று உண்டு. நம்மவர் 'ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம்' என்று கூறி முடிப்பதை அங்கே ஒரு மரச்சுத்தியல் தட்டி முடிக்கின்றது. முடிந்த விலைக்குமேல் நிறுவனத்தின் தரகுப் பணத்தையும் வாங்குபவரே கட்டுதல் வேண்டும். இவ்வளவு செலவையும் ஏற்று ஒருவர் பழைய காரை வாங்குகிறார் என்றால், அவர் வாங்குவது எதனை?

இக்கேள்விக்கு விடை காண, சிறிய காரை விட்டுச் சற்றுப் பெரியவற்றின் பக்கம் செல்வோம். 2016ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் கலிபோர்ணியாவிலுள்ள மொன்ரறே என்னுமிடத்தில் 'டி' வகை ஜகுவார் கார் ஒன்று 2 கோடியே 17 இலட்சத்து 80 ஆயிரம் டொலருக்கு ஏலம் போயிற்று. பிரான்சில் ஆண்டுதோறும் நிகழும் லே மான் இருபத்துநான்கு மணிநேரப் பந்தயத்தில் 1956ஆம் ஆண்டு வெற்றி பெற்ற கார் அது. ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த சிறிய குழுவொன்றுக்கு உரியதாக இருந்தது. அடுத்த ஆண்டு, அதே மாதத்தில், அதே ஊரில், டி. பி. ஆர். 1 என்னும் அஸ்ரன் மார்ட்டின் கார் 2 கோடியே 25 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் பெற்று அதனையும் விஞ்சியது. அன்றுவரை ஏலத்தில் விற்கப்பட்ட பிரித்தானியக் கார்களுள் அதுவே அதிக விலை பெற்றது.

இந்த அஸ்ரன் மார்ட்டினின் கதை சுவையானது. 1959ஆம் ஆண்டு ஜெர்மனியின் நூர்பேர்க்ரிங் பந்தயப் பாதையில் 1000 கிலோமீற்றர் ஓட்டம் நிகழ்ந்தது. புகழ்பெற்ற சாரதியாகிய ஸ்ரேலிங் மொஸ் காரை முன்னணிக்குக் கொண்டுவந்து, தம் துணைவராகிய ஜாக் பெயர்மனிடம் ஒப்படைத்துச் சற்று இளைப்பாறினார். ஈரப் பாதையிற் கார் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தது. பெயர்மன் மனந்தளரவில்லை. இறங்கித் தம் உடல் வலிமையைக் கொண்டே காரை மீண்டும் பாதைக்கு ஏற்றினார். அதன்பின் மொஸ் அதனைச் செலுத்தி, முந்திச் சென்றோரையெல்லாம் பிடித்து வெற்றி பெற்றார். 2017இல் அக்காரை ஏலத்தில் எடுத்தவர் இந்தக் கதைக்கும் சேர்த்தே பணம் கொடுத்தார் என்பதில் ஐயமில்லை. வெறும் இரும்புக்கும் அலுமினியத்துக்கும் அவ்வளவு பணத்தை யார்தான் கொடுப்பார்? இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஏலத்துக்கு வந்த நாளில் அக்காரில் இருந்தது பழைய இயந்திரத்தைப் பார்த்துப் புதிதாகச் செய்த இயந்திரம். பழைய இயந்திரம் பழுதடையாதிருக்கும்படி வேறாகப் பேணப்பட்டுக் காருடன் சேர்த்து விற்கப்பட்டது. ஆகவே, ஓடிய இதயம் புதியது. விலை பெற்றதோ பழைய பெயர்.

இனி, நம் பக்கத்துக்கு வருவோம். ஆங்கிலேயரின் விளையாட்டுக் கார்கள் எல்லாம் அரச குலத்துக் குதிரைகள் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. அவற்றிற் பல, சாதாரண குடும்பக் கார்களின் உறுப்புகளைக் கொண்டே கட்டப்பட்டவை. மேலே சொன்ன தவளைக் கண்ணனின் 948 கன சென்ரிமீற்றர் இயந்திரம் மொறிஸ் மைனர் 1000 காரின் இயந்திரமே. அதன் திசைதிருப்பும் பொறியும் மொறிஸ் மைனருடையதே. 1955 முதல் 1962 வரை அபிங்டன் என்னும் ஊரில் ஒரு இலட்சத்துக்கு மேலாகச் செய்யப்பட்ட எம். ஜி. ஏ. காரின் முதல் இயந்திரம், ஒஸ்ரின் ஏ 50 கேம்பிறிட்ஜ் காரின் இயந்திரக் குடும்பத்தைச் சேர்ந்தது. 1953இல் வெளிவந்த ட்ரையம்ப் டி. ஆர். 2 காரின் கதையோ இதனினும் வியப்பானது. ஸ்ரண்டட் வான்காட் என்னும் குடும்பக் காரின் இயந்திரமே அதற்கும் இதயம். அதே இயந்திரத்தின் உடன்பிறப்பு வயல்களில் உழுத சாம்பல் நிறப் பெர்குசன் உழவு இயந்திரத்தில் இருந்தது. இரண்டு காபரேற்றர்களைப் பூட்டி, அளவுகளைச் சிறிது திருத்தினால் உழவன் ஓட்டவீரன் ஆகிறான்; அவ்வளவே வேறுபாடு.

இவை நம் நாட்டுக்கு வந்த வழியும் வரலாற்றோடு பிணைந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்க் கடனில் மூழ்கியிருந்த பிரித்தானிய அரசு, பிறநாடுகளுக்கு ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைகளுக்கே உருக்கைத் தாராளமாக ஒதுக்கியது. ஆகவே செய்த கார்களிற் பெரும்பங்கைத் தொழிலதிபர் கப்பலேற்றினர். எம். ஜி. ஏ. கார்களிற் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை இங்கிலாந்தை விட்டு வெளியே சென்றன. இலங்கையும் அவர்களுக்கொரு சந்தை. அதுவன்றித் திருகோணமலை, பிரித்தானியக் கடற்படையின் பெருந்தளம். 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து கோட்டையைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், 1957ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆந் திகதி தளத்தை இலங்கை அரசிடம் ஒப்படைக்கும்வரை இத்துறைமுகம் அவர்கள் கையிலேயே இருந்தது. மாலை வேளைகளிற் கூரையில்லாத இருவர் கார்களில் இளம் அதிகாரிகள் உவர்மலைச் சரிவில் இறங்கிக் கடற்கரைக்குச் செல்வர் என்றும், போகும் காலத்திற் சிலர் கார்களை அகப்பட்ட விலைக்கு விற்றுப் போயினர் என்றும் முதியோர் சொல்ல நான் கேட்டிருக்கிறேன்.

அந்த விளையாட்டுக் கார்கள் சிலவே. ஆனால் அவற்றின் உடன்பிறப்புகளாகிய ஒஸ்ரினும் மொறிசும் நம் மாவட்டத்திலும் வடக்கிலும் வீதிக்கு வீதி நின்றன. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி தட்டுப்பட்டு, வாகன இறக்குமதி பெரிதும் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இற் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, உள்ள காரை ஓட்டுவதன்றி வேறு வழி நம்மவர்க்கு இருக்கவில்லை. உதிரிப்பாகம் வேண்டுமாயின் கப்பலை எதிர்பார்க்க இயலாது. கடைச்சற் பட்டறையையே நாடவேண்டும். வளையம் தேய்ந்தால் வேறொன்றின் வளையத்தை அராவிப் பொருத்தினர். தாங்கி உடைந்தால் பித்தளையை உருக்கி வார்த்தனர். இங்கிலாந்தில் இக்கார்கள் பழைய இரும்பாகிக் கொண்டிருந்த அதே ஆண்டுகளில், இங்கே அவை மணமக்களை ஏற்றின. நோயாளரை ஆசுபத்திரிக்குக் கொண்டுசென்றன. சந்தைக்கு வெங்காயம் சுமந்தன.

பின்னர் வந்த போர்க்காலத்தில் இவர்கள் செய்த அருஞ்செயல் ஒன்றை உலகம் இன்னும் சரியாக அறியவில்லை. 1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் செல்வது தடைப்பட்டிருந்தபோது, பழைய ஒஸ்ரின்களும் மொறிசுகளும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் கொண்டு இயந்திரத்தைக் கிளப்பிச் சூடேற்றிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். இஃது எவ்வாறு இயன்றது? இக்காலத்துப் புதிய கார்களின் இயந்திரம் எரிபொருட் கலவையை மிகுதியாக அழுத்துவது. அதில் மண்ணெண்ணெயை ஊற்றினால் வேளைக்கு முன்னரே தீப்பற்றி இயந்திரம் தட்டும். பழைய இயந்திரங்களில் அழுத்தம் குறைவு. ஆகவே மட்டமான எரிபொருளையும் அவை பொறுத்துக்கொண்டன. பெர்குசன் உழவு இயந்திரத்தில் இதே முறையைத் தொழிற்சாலையினரே கையாண்டிருந்தனர். பெற்றோலிற் கிளம்பி, மண்ணெண்ணெயை ஒத்த மலிவான எண்ணெயில் உழும் வகையொன்று 1949 முதல் விற்பனையாயிற்று. பொறியியலாளர் குழுவொன்று வரைபடத்தாளிற் செய்து முடித்ததை, நம் மெக்கானிக்குகள் மரநிழலில், நூல் எதுவுமின்றித் தாமே கண்டுகொண்டனர்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். வளையமும் தாங்கியும் கதவும் தளமும் ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட பின்னர், எஞ்சி நிற்பது அதே கார்தானா? இக்கேள்வியை 1990ஆம் ஆண்டு இலண்டன் உயர்நீதிமன்றமே விசாரித்துத் தீர்ப்புக் கூறியது. வழக்குக்கு உரியது 'பழைய முதலாம் எண்' என்று புகழ்பெற்ற பென்ற்லி கார். அது 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் லே மான் பந்தயத்தில் வென்றது. இரண்டு முறையும் அதனைச் செலுத்தியவர்களுள் ஒருவர் வூல்வ் பர்னாட்டோ. அதன்பின் அது பலவாறு மாற்றப்பட்டது. 8 லீற்றர் இயந்திரம் பூட்டப்பட்டிருந்த நிலையில், 1932இற் புறூக்லண்ட்ஸ் பாதையில் விபத்துக்குள்ளாகிக் கிளைவ் டன்வீ என்னும் சாரதி உயிரிழந்தார். பின்னர் வேறோர் உடலோடு மறுபடியும் கட்டப்பட்டது. அறுபது ஆண்டுகள் கழித்து அதனை ஒரு கோடி பவுணுக்கு வாங்க உடன்பட்ட நிறுவனம், 1929இல் ஓடிய காரின் உறுப்புகள் இதில் மிகச் சிலவே உள்ளன, ஆகவே இது அதுவன்று என்று கூறிப் பணத்தைக் கொடுக்க மறுத்தது.

நீதிபதி ஒற்றன் இருதரப்பு நிபுணரையும் கேட்டார். அவர் கண்ட முடிவு ஆழ்ந்த சிந்தனைக்குரியது. செய்தபடியே மாறாது நிற்கும் கார் என்று இதனைச் சொல்ல இயலாது என்பதை அவர் ஒப்புக்கொண்டார். ஆயினும், இக்கார் எக்காலத்திலும் இல்லாதொழிந்து மீண்டும் புதிதாகப் பிறந்ததன்று. பந்தயக் கார்களுக்கு இயல்பான முறையில் படிப்படியாக மாறி வந்தது. அப்பெயருக்கு உரிமை கோரும் வேறொரு காரும் உலகில் இல்லை. ஆகவே இதுவே உண்மையான 'பழைய முதலாம் எண்' என்று தீர்ப்பளித்தார். அதாவது, ஒரு பொருளின் தன்மை அதன் இரும்பில் மட்டும் இல்லை. அறுபடாத அதன் வரலாற்றிலும் இருக்கின்றது என்பதாம்.

தமிழ் பயில்வோருக்கு இது புதிய செய்தியாகுமோ? 1887இற் கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் கையிலிருந்த ஏடுகள், அப்பாடல்களை இயற்றிய புலவர்கள் தம் கைப்பட எழுதியவை அல்ல. செல்லரித்த ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதி, அதுவும் செல்லரிக்க மீண்டும் எழுதி, இவ்வாறு தலைமுறை தலைமுறையாகப் பெயர்த்தெழுதப்பட்டவை. ஓலை மாறிற்று, எழுத்தாணி மாறிற்று, எழுத்தின் வடிவமும் மாறிற்று. ஆனாலும் கலித்தொகை கலித்தொகையே. நம் கண்முன்னே நிற்கும் கோணேசர் கோயிலும் அத்தகையதே. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டு, 1963இற் குடமுழுக்குக் கண்ட அக்கோயிலைப் புதுக்கோயில் என்று இவ்வூரில் யாரும் சொல்வதில்லை. பெயரும் இடமும் நினைவும் அறுபடாமல் வந்தன. கற்கள் பின்னர் வந்து சேர்ந்தன.

இந்நியாயத்தின்படி நோக்கினால், நம் வாடகைக் கார்களுக்கும் விளையாட்டுக் கார்களுக்குரிய பெருமை உண்டு. ஒரே இயந்திரக் குடும்பம்; அறுபது ஆண்டு உழைப்பு; பள்ளத்தில் விழுந்து எழுந்த கதைகள் எத்தனையோ. இல்லாதது ஒன்றே. அது சான்று.

உட்துறைமுகத்துக்கு அண்மையிலுள்ள கராஜ் ஒன்றில், வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவர் ஏ 50 கேம்பிறிட்ஜ் ஒன்றின் இயந்திரத்தைப் பிரித்து வைத்திருந்ததைக் கண்டேன். இதுவரை இந்தக் காருக்குச் செய்த வேலைகளுக்குக் குறிப்பேதும் உண்டா அண்ணன் என்று கேட்டேன். அவர் எண்ணெய் படிந்த தம் கைகளை விரித்துக் காட்டி, "எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு மாஸ்ரர். எழுதி வைச்சு ஆருக்குக் காட்டுறது?" என்றார். அக்காரின் பழைய பதிவுப் புத்தகம் இடப்பெயர்வின்போது தொலைந்துவிட்டதாகவும் சொன்னார். இது ஒருவர் கதையன்று. மூன்று பதிற்றாண்டு நீண்ட போரில் வீட்டை விட்டு ஓடியவர்கள் குழந்தைகளைத் தூக்கினார்களேயன்றிக் கடதாசிகளைத் தூக்கவில்லை. எடுத்து வைத்தவர் சிலருடைய பெட்டிகளையும் 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி கடல் கொண்டு சென்றது.

எஞ்சியிருக்கும் சான்றுகளையும் நாம் சான்றுகளாகக் கருதுவதில்லை. இலக்கத் தகட்டையே எடுத்துக்கொள்வோம். ஆங்கில எழுத்துகளைக் கொண்ட பழைய தகடு, அக்கார் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வழக்குக்கு வருமுன்னர்ப் பதிவானது என்பதைக் காட்டும். அந்த ஓரெழுத்தைக் குறித்து 1958இல் எழுந்த கிளர்ச்சியை நம் அரசியல் வரலாறு அறியும். ஒரு சாண் நீளத் தகரத்தில் நாட்டின் வரலாறு ஒரு வரி எழுதப்பட்டிருக்கின்றது. நாமோ அதனைக் கழற்றிப் பழைய இரும்போடு நிறுத்து விற்கிறோம்.

செல்வர்களின் விளையாட்டுப் பொருளைப் பற்றிப் பேச இதுவா வேளை என்று சிலர் வினவக்கூடும். 2022இல் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற மக்கள் நாம். கோடி டொலர் கொடுத்துக் காரை வாங்கிக் கண்ணாடி அறையில் நிறுத்துவதை நானும் போற்றவில்லை. நம் பழைய கார்களைக் கப்பலேற்றி அந்நியச் சந்தையில் ஏலம் விடவேண்டும் என்பதும் என் கருத்தன்று. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது நம் பழமொழி. காரைப் பொறுத்தவரை, அது இருந்தாலும் இறந்தாலும் பொன் ஆவது யாரோ ஒருவர் அதன் வாழ்க்கையைக் குறித்து வைத்திருப்பதனாலேயே. மேல்நாட்டார் தமது கைத்தொழிலாளன் இறுக்கிய திருகாணிக்கும் பற்றுச்சீட்டு வைத்தனர். அச்சீட்டு இன்று வரலாறாகி விலை பெறுகின்றது. நம் தொழிலாளன் திருகாணியையே செய்தான். அதனைக் குறித்து ஒரு வரியும் இல்லை. எது பெரிய செயல் என்பது வேறு. எது நினைக்கப்படும் என்பது வேறு.

இக்குறையைத் தீர்க்கப் பெரும்பணம் வேண்டியதில்லை. நம் பாடசாலைகளில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்கள் மாணவரை அரும்பொருட்சாலைக்கு அழைத்துச் செல்கின்றனர்; அது நன்று. அவ்வண்ணமே ஒரு நாள் கராஜுக்கும் கடைச்சற் பட்டறைக்கும் அழைத்துச் செல்லலாம். எந்த ஆண்டு எந்தக் காரை யார் ஓட்டினார், எந்தப் பகுதியை எதனைக் கொண்டு செய்தார், மண்ணெண்ணெய்க்கு மாற்றக் காபரேற்றரில் என்ன திருத்தம் செய்தார் என்பவற்றையெல்லாம் மாணவர் கேட்டு எழுதலாம். தகட்டையும் செசி இலக்கத்தையும் படம் பிடிக்கலாம். இலக்கிய வட்டங்கள் தம் மலர்களில் அவற்றுக்குச் சில பக்கங்களை ஒதுக்கலாம். ஏடு தேடி ஊரூராய் அலைந்தவர்களின் வழிவந்தோருக்கு இது அரிய காரியமன்று. ஏடுகளாவது பெட்டியிற் கிடந்து ஒரு நூற்றாண்டு காத்திருந்தன. மெக்கானிக்கின் கைகளில் உள்ள அறிவு அவ்வாறு காத்திராது, அவரோடு போய்விடும். அவர்கள் நம்மிடையே உள்ளபோதே கேட்டு எழுதுவோமாக.